கடல் கடந்த ஹார்லெம் கோவில்

முதலில் அது ஓக் மரம். பல பலகைகளை ஒட்டி, இழைத்து, 175 சென்டிமீட்டர் உயரமும் 144 சென்டிமீட்டர் அகலமும் வரும்படி சேர்த்திருக்கிறார்கள். நிமிர்த்தி வைத்தால் ஓர் ஆள் உயரம். அதன் மேல் வெண்சுண்ணம் பூசி வழவழப்பாக்கி, ஹார்லெம் நகரத்து ஓவியர் பீட்டர் சான்ரெடாம் தன் ஊர்ப் பெரிய கோவிலின் உட்புறத்தை 1648இல் வரைந்து முடித்தார். அவர் வாழ்நாளில் வரைந்த பலகைகளில் இதுவே பெரியது. ஊர்ப் பெருமையை வரைந்த படம் ஊரிலேயே தங்கியிருக்க வேண்டும். தங்கவில்லை. ஆம்ஸ்டர்டாமின் நகரத் தலைவர் ஒருவர் கைக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்து அரசரிடம் போய், பிறகு ஒரு பிரபுக் குடும்பத்துச் சொத்தாகி, இன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கிறது.

படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்வதற்கு அதிகம் இல்லை. பெருத்த உருண்டைத் தூண்கள். அவற்றுக்கு மேலே கூர்வளைவுகள், எங்கோ உயரத்தில் மரக்கூரை. வெளுத்த சுவரில் விழும் பகல் வெளிச்சம். தூணின் அடியில் நிற்கும் மனிதர்கள் அத்தனை சிறியவர்கள். பீடம் இல்லை, சுரூபம் இல்லை, எரியும் மெழுகுதிரி இல்லை, முழந்தாளில் நிற்பவர் ஒருவரும் இல்லை. சுண்ணாம்பின் வெள்ளை என்று நாம் ஒற்றை வார்த்தையில் கடந்துபோகிற நிறத்துக்குள் இளமஞ்சள், வெளிறிய ரோஜா, சாம்பல், தேன் கலந்த பழுப்பு என்று அவர் எத்தனையோ சாயைகளைப் பிரித்து வைத்திருக்கிறார். பார்த்துக்கொண்டே நின்றால் அந்தச் சுவர் நிறம் மாறிக்கொண்டே இருக்கும்.

அந்த வெறுமை பிறந்த நாளுக்குத் தேதி உண்டு. படத்தில் உள்ள பெரிய கோவில், ஹார்லெமின் பவோ கோவில், பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்கக் கோவில். 1559இல் ஆயர் பீடமும் ஆனது. ஸ்பெயினுக்கு எதிரான போரில் 1572, 73இல் நகரம் மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்து வீழ்ந்தது. பிறகு 1577இல் ஆரஞ்சு இளவரசர் வில்லியமோடு நகரம் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது: கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சரிசமமாக வழிபடலாம். மறுவருடம் மே 29, நற்கருணைத் திருநாள். பூசை நடந்துகொண்டிருந்தபோது படைவீரர்கள் கோவிலுக்குள் பாய்ந்தார்கள். கையில் கிடைத்ததைப் பறித்தார்கள், உடைத்தார்கள், குருக்களில் ஒருவரைக் கொன்றார்கள். உடன்படிக்கை அன்றோடு செத்தது. பீடங்கள் அகன்றன, படங்கள் போயின, கோவில் சீர்திருத்தச் சபையின் கைக்கு வந்தது. உருவங்கள் இருந்த இடத்தில் எழுத்துகள் வந்தன. பத்துக் கட்டளைகளும் திருவிருந்துக்கான வேத வசனங்களும் பலகைகளில் எழுதி மாட்டப்பட்டன. பழைய காலத்துப் பித்தளைக் கிராதி மட்டும் அப்படியே நின்றது. இப்போதும் நிற்கிறது.

சான்ரெடாம் பிறந்தது இதற்கு 19 வருடம் கழித்து, 1597இல், அஸ்ஸெண்டெல்ஃப்ட் என்ற கிராமத்தில். பழைய கோவிலை அவர் பார்த்ததே இல்லை. தந்தை யான் சான்ரெடாம் தாமிரத் தகட்டில் செதுக்கி அச்சிடுவதில் பேர் பெற்றவர். மகனுக்குப் பத்து வயதாகும்போது, 1607இல் இறந்துபோனார். தாய் பையனை அழைத்துக்கொண்டு ஹார்லெமுக்கு வந்து, கத்தோலிக்க ஓவியக் குடும்பமான டி கிரெபர் வீட்டில் தொழில் பழக விட்டார். பத்து வருடப் பழக்கம். 1623இல் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார்.

தந்தை விட்டுப்போன சொத்தில் ஒரு பகுதி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் போட்ட முதல். 1602இல் தொடங்கிய கம்பெனி அது. சில வருடங்களிலேயே சோழமண்டலக் கரைக்கு வந்து பழவேற்காட்டில் கோட்டை கட்டி, இந்தப் பக்கத்துத் தறித்துணியை ஏற்றிக்கொண்டுபோய்க் கீழ்த்திசைத் தீவுகளில் மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றிய அதே கம்பெனி. சான்ரெடாமுக்கு அதனால் என்ன கிடைத்தது? அவசரமில்லாமை கிடைத்தது. வாரம் ஒரு படம் விற்றால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை அவருக்கு இல்லை. ஒரு கோவிலை இன்று அளந்து, படத்தைப் பத்து வருடம் கழித்து வரையலாம். அப்படித்தான் வரைந்தார். அவருடைய ஓவியங்களின் நிதானத்தைப் புகழ்கிறவர்கள் அந்த நிதானத்துக்கு யார் யார் உழைத்தார்கள் என்பதையும் கொஞ்சம் நினைக்கலாம்.

அவர் முதுகு கூனியவர். 1628இல் நண்பர் யாகோப் வான் காம்பென் வரைந்த உருவப்படத்தில் அது தெரிகிறது. அதே வருடம்தான் சாமுவேல் ஆம்ப்சிங் என்ற பிரசங்கியார் ஹார்லெம் நகரைப் புகழ்ந்து எழுதிய நூல் வெளிவந்தது. அதற்குப் பவோ கோவிலை வரைந்து கொடுத்தவர்களில் சான்ரெடாமும் ஒருவர். கோவில் வேலை அங்கே பிடித்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லாமே கோவில்கள்தான். ஒருவர் வாழ்நாள் முழுக்க இருக்கிற கட்டடத்தை இருக்கிறபடி வரைவதையே தொழிலாகக் கொண்டது அந்த நாட்டிலும் புதிது. அதற்கு முந்தியவர்கள் கோவில் உட்புறங்களைக் கற்பனையில் கட்டினார்கள். தூண் வரிசை தூரத்தில் குறுகிப்போவதைக் காட்டும் வித்தைதான் அவர்களுக்கு முக்கியம், ஊர் பேர் தேவையில்லை.

அவர் வேலை செய்த விதத்தைத் தாள்களே சொல்கின்றன. கோவிலுக்குள் உட்கார்ந்து கண்ணால் கண்டதைக் கைபோன போக்கில் தாளில் பிடிப்பார். கண் நின்ற இடத்தைப் புள்ளியாகக் குறிப்பார். தேதி எழுதுவார். பிறகு தூணுக்குத் தூண் எவ்வளவு, அடிக்கட்டு எவ்வளவு, வளைவு எங்கே தொடங்குகிறது என்று அளவு எடுப்பார். வீட்டுக்கு வந்து அந்த அளவுகளைக் கொண்டு ரூலரும் கவராயமுமாக இரண்டாவது வரைபடம். அந்தத் தாளின் முதுகில் கரி தேய்த்து, தயாரித்த பலகை மேல் வைத்து, கோடுகளின் மேல் கூர்மையான முனையால் அழுத்தி இழுத்தால் கோவில் பலகைக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் வண்ணம். டென் போஸ் நகரத்து யோவான் கோவிலை 1632இல் தாளில் வரைந்தவர், படமாக முடித்தது 1646இல். பிறந்த ஊர்க் கோவிலை 1630களில் வரைந்து 1649இல் முடித்தார். அந்தப் படத்தின் முன்தரையில் தந்தையின் கல்லறைப் பலகையை எழுத்துத் தெரியும்படி வைத்தார். அந்த ஊரையும் தேதியையும் கோவில் பெஞ்சின் மரத்திலேயே எழுதினார், அங்கே போகிறவர்கள் பெஞ்சில் படிக்கட்டும் என்பதுபோல.

இவ்வளவு அளந்தவர் அளவை அப்படியே விட்டாரா? இல்லை. இங்கேதான் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடுகிறது. ஹார்லெம் தூண்கள் அவர் படங்களில் இருக்கிற அளவுக்கு உயரம் இல்லை. மெலிதாக்கியிருக்கிறார், ஓங்கச் செய்திருக்கிறார், கண் ஒரே பார்வையில் பிடிக்க முடியாத அகலத்தை ஒரே பலகைக்குள் இழுத்து அடைத்திருக்கிறார். முதலில் மெய்யான அளவைக் கண்டுபிடித்து, அது எவ்வளவு என்று தெரிந்த பிறகே மீறுகிறார். அவரைப் புகைப்படக் கருவிக்கு முந்திய புகைப்படக்காரர் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது பாதிப் பாராட்டுத்தான்.

கட்டடத்தில் மட்டும் இல்லை, காலத்திலும் கை வைத்தார். டென் போஸை டச்சுப் படைகள் 1629இல் பிடித்தபோது கத்தோலிக்க ஆயர் வெளியேறினார். மூன்று வருடம் கழித்து சான்ரெடாம் போய் உட்கார்ந்தபோது பெரிய பீடம் நின்றது, அதன் நடுவில் இருந்த படம் இல்லை. 1646இல் வண்ணம் தீட்டும்போது அந்த வெற்றிடத்தில் இயேசு பிறப்புப் படம் ஒன்றைப் பொருத்தினார். 1630இல் வரைந்த ஒரு பவோ கோவில் படத்தில், இல்லாத ஆயர் ஒருவருக்குக் கல்லறை கட்டியிருக்கிறார். அது இப்போது பாரிஸில் இருக்கிறது. ஹார்லெமில் கத்தோலிக்கர் அப்போதும் நிறையப் பேர். தெருவுக்குத் தெரியாமல் வீடுகளுக்குள் பூசை கண்டார்கள். படம் வாங்கவும் செய்தார்கள். பழைய கோவிலை இழந்தவர் வீட்டுச் சுவருக்கு அது திரும்பி வந்தால் மறுப்பாரா? வாங்குகிறவர் யாரென்று எல்லாப் படத்துக்கும் நமக்குச் சான்று இல்லை என்றாலும், வரைந்தவருக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்தக் கோவில்களுக்குள் அப்போது என்னதான் நடந்தது? நாம் நினைக்கிற மௌனம் அங்கே இல்லை. கட்டடம் நகரத்தின் சொத்து; பிரசங்க நேரத்தில் சபைக்கு, மற்ற நேரத்தில் ஊருக்கு. மழை நாளில் உலாத்தும் இடம், வியாபாரம் பேசும் இடம், வெளியூர்க்காரருக்குச் சுற்றிக்காட்டும் இடம். நாய்கள் உள்ளே திரிந்தன; அவற்றை விரட்டுவதற்கென்றே பல கோவில்களில் ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். காசுள்ள குடும்பங்கள் உள்ளேயே அடக்கம் பண்ணின, அதில் கோவிலுக்கு வருமானம். அந்தப் பலகைகளைப் பெயர்க்கும்போது எழும் நாற்றத்தைப் பற்றி சான்ரெடாம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் வந்த எமானுவேல் டி விட்டே சொன்னார். அவர் படங்களில் தரைக்கல் பெயர்ந்து கிடக்கும், குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு நின்று யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார், தூணடியில் நாய் காலைத் தூக்கும். டி விட்டேயின் கோவில்களில் ஜனம் இருக்கிறது, ஆனால் பல கோவில்கள் அவரே சேர்த்துக் கட்டியவை. சான்ரெடாமின் கோவில் மெய், ஜனம் போதாது. ஒருவரை மட்டும் பார்த்து அந்தக் காலத்தைத் தெரிந்துகொண்டோம் என்று நினைத்தால் பாதி போய்விடும்.

சான்ரெடாமுக்கும் விளையாட்டுத் தெரியும். லண்டன் நேஷனல் கேலரியில் உட்ரெக்ட் நகரத்து பூர்கெர்க் கோவிலை அவர் 1644இல் வரைந்த படம் இருக்கிறது. ஓர் ஓரத்தில் இரண்டு பையன்கள். ஒருவன் நாய்க்கு வித்தை பழக்குகிறான். மற்றவன் கோவில் சுவரில் கிறுக்குகிறான், நான்கு வீரர்கள் ஒரே குதிரை மேல் ஏறிப் போகும் பழங்கதைச் சித்திரம். அந்தக் கிறுக்கலுக்குக் கிட்டே சான்ரெடாமின் கையெழுத்து. சுவரில் கரி போட்ட குற்றத்தில் தனக்கும் பங்கு உண்டு என்கிறார். பக்கத்திலேயே மோசேயும் பத்துக் கட்டளைப் பலகையும்.

ஆர்கன் ஒரு தனி வழக்கு. சீர்திருத்தச் சபையின் கடுமையான ஆட்களுக்கு அது பாப்பரசரின் ஊதுகுழல். அகற்ற வேண்டும் என்றார்கள். ஆனால் ஆர்கன் நகர மன்றத்தின் சொத்து, வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பதும் மன்றம். ஆகவே சபை கூடும்போது ஜனங்கள் துணைக்கருவி இல்லாமல் சங்கீதம் பாடினார்கள். பிரசங்கத்துக்கு முன்னும் பின்னும் ஆர்கன் முழங்கியது. பாடும்போதும் அதைச் சேர்த்துக்கொண்டால் சபை ஒரே சுருதியில் நிற்குமே என்று 1641இல் புத்தகமே எழுதி வாதாடினார் கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ். கவிஞர், இசைக்காரர், ஆரஞ்சு இளவரசரின் செயலாளர். சனிக்கோளின் வளையத்தைக் கண்டறிந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸின் தகப்பனார். நம் பலகையின் பயணத்தில் முதல் கதவு இவருடையது.

1648 மே மாதம். ஸ்பெயினோடு 80 வருடம் நடந்த சண்டை முடிந்து மூன்ஸ்டர் நகரில் சமாதானம் உறுதியாகிச் சில நாள்கள்தான் ஆகியிருந்தன. சான்ரெடாம் ஹைகன்ஸுக்குக் கடிதம் எழுதினார்: பெரிய படம் முடிந்துவிட்டது, இளவரசர் பார்க்க வேண்டும். சந்தையில் இருபது வாங்குவோருக்கு நடுவில் விற்கிற சரக்கு இல்லை அது. அந்த அளவுப் பலகைக்கு அரண்மனைச் சுவரே வேண்டும். இளவரசர் இரண்டாம் வில்லியமுக்கு வயது 21, பதவிக்கு வந்து ஒரு வருடம். படம் அவரிடம் போகவில்லை. இரண்டே வருடத்தில் பெரியம்மை கண்டு அவரும் இறந்தார். அவருடைய மனைவி மேரி இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் மகள். கடிதம் எழுதி எட்டு மாதத்தில் அந்த மாமனாரின் தலையை லண்டனில் வெட்டினார்கள். அவர் சேர்த்து வைத்திருந்த பெரும் ஓவியச் சேகரிப்பையும் விற்றார்கள். இந்த இரண்டாவது காரியம் இல்லாவிட்டால் நம் பலகை கடல் தாண்டியே இருக்காது.

படம் ஆம்ஸ்டர்டாமின் ஆண்ட்ரீஸ் டி கிராஃபிடம் சேர்ந்தது. நகரத் தலைவர் பதவியில் திரும்பத் திரும்ப அமர்ந்தவர். ஆரஞ்சு குடும்பத்துக்கு எதிரணி. இளவரசருக்கு என்று நினைத்த படம் இளவரசர்களைப் பிடிக்காதவர் வீட்டுக்குப் போனதில் ஒரு நையாண்டி இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் மற்ற நகரங்களையெல்லாம் விழுங்கும் செல்வத்தோடு வளர்ந்த வருடங்கள் அவை. புது நகர மாளிகை எழுந்துகொண்டிருந்தது. அதைக் கட்டியவர் கூனல் முதுகை வரைந்த அதே வான் காம்பென்.

1660இல் முதலாம் சார்லஸின் மகன் நாடு திரும்பி அரசரானார். அவர் புலம்பெயர்ந்து கிடந்த காலத்தில் டச்சுக்காரர்கள் அவரை நடத்திய விதம் பெருமைப்படும்படி இல்லை. இப்போது அவர் கையில் கப்பல் படை. போன உறவை வாங்கியாக வேண்டும். ஹாலந்து மாகாண மன்றம் பரிசு அனுப்பத் தீர்மானித்தது: தந்தை இழந்த சேகரிப்பின் இடத்தை நிரப்ப ஓவியங்கள். ஆம்ஸ்டர்டாம் வணிகர்களான ரெய்ன்ஸ்ட் சகோதரர்களின் வீட்டிலிருந்து 24 இத்தாலிய ஓவியங்களையும் 12 பழஞ்சிற்பங்களையும் வாங்கினார்கள். விலை 80,000 கில்டர். அந்த ரெய்ன்ஸ்ட் சகோதரர்களின் தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்தவர், கீழ்த்திசையிலேயே இறந்தவர். இத்தாலியப் படங்களோடு தங்கள் நாட்டுக் கை எப்படிப்பட்டது என்று காட்ட வட ஐரோப்பியப் படங்கள் நான்கைச் சேர்த்தார்கள்: கெரிட் டௌவின் இரண்டு, எல்ஸ்ஹைமர் பெயரில் ஒன்று, டி கிராஃபிடமிருந்து வாங்கிய சான்ரெடாம். கூடவே மேரி என்று பெயரிட்ட ஓர் உல்லாசப் படகு. அந்த மேரிதான், இளவரசரின் விதவை, புது அரசரின் தங்கை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் மைத்துனரிடம் விற்க நினைத்த படம் இப்போது மைத்துனருக்கு இலவசமாகப் போயிற்று.

சான்ரெடாமைத் தேர்ந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அந்தப் பட்டியலில் டிஷியனும் வெரோனேசும் இருக்கிறார்கள்: மாமிசமும் பட்டும் தேவதைகளும். நடுவே வெளுத்த தூண்கள். ஓர் ஆங்கிலிக்க அரசருக்குக் கால்வினியக் கோவிலைப் பரிசளிப்பது சாதாரணமாகச் சண்டைக்கு இடம். அந்த அரசர் உள்ளூரக் கத்தோலிக்கர் என்று ஊர் பேசியது, சாகும் தறுவாயில் அப்படியே ஆனார். ஆனால் அந்தப் பலகையில் யாரையும் புண்படுத்த ஒன்றுமே இல்லை. கால்வின் சபையார் அங்கே தங்கள் தூய்மையைக் காணலாம், கத்தோலிக்கர் தங்கள் முன்னோர் எழுப்பிய தூண்களைக் காணலாம், மதமே வேண்டாதவர் தூரத்தைக் காட்டும் கணிதத்தைக் காணலாம். ஒரு குருத்துவ உடையோ சிலுவைப் பாதையோ இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. வெறுமையே அதற்குக் கடவுச்சீட்டு.

நவம்பரில் வைட்ஹாலின் விருந்து மண்டபத்தில் பரிசுகளைக் காட்சிக்கு வைத்தார்கள். அதே மாளிகை முன்தான் பதினோரு வருடத்துக்கு முன் அரசரின் தந்தையை வெட்டினார்கள். புது அரசருக்குப் பிடித்தவை டிஷியனும் டௌவும் எல்ஸ்ஹைமரும் என்று சொன்னார்கள். சான்ரெடாமை அவர் தனித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. பெரியம்மை மேரியையும் அந்த டிசம்பரில் லண்டனில் கொண்டுபோயிற்று.

பரிசுக்குப் பலன் இருந்ததா? ஆங்கிலேயர் தங்கள் துறைமுகங்களில் டச்சுக் கப்பல்களைத் தடுக்கும் சட்டத்தை அதே 1660இல் மறுபடி நிறைவேற்றினார்கள். 1665 மார்ச்சில் இரு நாட்டுக்கும் மறுபடி யுத்தம். அந்த மே மாதக் கடைசியில் சான்ரெடாமை, வாழ்நாள் முழுக்க அளந்த அதே பவோ கோவிலின் தரைக்கடியில் அடக்கம் செய்தார்கள். அவருடைய பெரிய படம் அப்போது எதிரி அரசரின் சொத்து. இரண்டு வருடத்தில் டச்சுக் கப்பல்கள் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து அந்த அரசரின் போர்க்கப்பல்களை எரித்தன.

அவர் இறந்த பிறகு அவர் வரைந்த கோவில்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கின. 1636இல் உட்ரெக்டில் ஐந்து மாதத்துக்குக் கிட்டத் தங்கி நகரத்துக் கோவில்களைத் தாளில் பிடித்திருந்தார். 1674 ஆகஸ்ட் 1இல் புயல் அடித்து அங்கே பெரிய டோம் கோவிலின் நடுக்கூடமே சரிந்தது, திரும்பக் கட்டவில்லை. கோபுரம் ஒரு பக்கம், கோவில் ஒரு பக்கம், நடுவில் வெறும் சதுக்கம் என்று இன்றைக்கும் நிற்கிறது. மரியா கோவிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடித்தே விட்டார்கள். அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள சான்ரெடாமைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் இதே கதை உண்டு. 1658இல் டச்சுக்காரர் அங்கே போர்த்துக்கீசரின் கத்தோலிக்கக் கோவில்களைக் கைப்பற்றி, சுரூபங்களை அகற்றிப் பிரசங்கக் கூடங்களாக்கினார்கள். பல்தேயுஸ் என்ற பிரசங்கியார் 1672இல் அச்சிட்ட நூலில் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டைக் கோவில்களின் செதுக்குப் படங்கள் இருக்கின்றன. கோட்டைக்குள் அவர்கள் பிறகு கட்டிய சிலுவை வடிவக் கோவில் நம் காலத்துப் போரில் தரைமட்டமானது.

பலகைக்குத் திரும்புவோம். 1689இல் இங்கிலாந்துக்கு அரசரானவர் மூன்றாம் வில்லியம், படத்தை முதலில் பார்த்திருக்க வேண்டிய இளவரசரின் மகன். டௌவின் 'இளம் தாய்' படத்தை அவர் தன் நாட்டு மாளிகைக்கு எடுத்துக்கொண்டு போனார். அது இப்போது ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸில் இருக்கிறது. சான்ரெடாம் திரும்பவில்லை. பிரிட்டனிலேயே தங்கி, அரச சேகரிப்பை விட்டு நழுவி, ஸ்காட்லாந்தின் பியூட் பிரபுக் குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்தக் குடும்பத்தின் மூன்றாம் மார்க்வெஸ் 1868இல் கத்தோலிக்கராக மாறி நாட்டையே அதிரவைத்தவர். கார்டிஃப் கோட்டையை வண்ணமும் தங்கமும் சுரூபங்களுமாக இழைத்தவர். வெள்ளையடித்த கோவிலுக்கு இதைவிடப் பொருந்தாத வாரிசு கிடைப்பது கஷ்டம்.

ஹார்லெமிலும் கணக்கு நேரானது. மேற்குச் சுவரை 1738இல் கிறிஸ்டியான் முல்லர் கட்டிய பிரமாண்ட ஆர்கன் நிறைத்தது. பத்து வயது மொட்சார்ட் 1766இல் வந்து அதை வாசித்தான். ஹைகன்ஸ் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கத்தோலிக்கர் பழைய கோவிலைத் திரும்பப் பெறவில்லை. 1895இல் தொடங்கி 1930 வரை வேறு இடத்தில் அதே பவோ பெயரில் புது ஆயர் கோவில் கட்டிக்கொண்டார்கள். படத்தைப் பார்த்துவிட்டு பழைய கோவிலுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் ஏமாறலாம். தூண்கள் அவ்வளவு உயரம் இல்லை.

1982இல் எடின்பரோவின் தேசிய ஓவியக்கூடம் அறக்கட்டளைகளின் உதவியோடு பியூட் குடும்பத்திடமிருந்து பலகையை வாங்கியது. சீர்திருத்தப் பிரசங்கியார் ஜான் நாக்ஸின் ஊர் அது. ஹார்லெமில் நடந்ததற்கு இருபது வருடம் முந்தியே அங்கே அது நடந்துவிட்டது. நகரத்தின் பாதுகாவலரான புனித ஜைல்ஸின் சுரூபத்தை 1550களின் கடைசியில் கோவிலிலிருந்து தூக்கிக்கொண்டுபோய், ஊரின் வடக்குப் பக்கத்து ஏரியில் முக்கி, பிறகு எரித்தார்கள். ஏரியைப் பின்னால் வற்றவைத்து, புது நகரத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணை அதன் குறுக்கே கொட்டி மேடாக்கினார்கள். ஓவியக்கூடத்தை 1859இல் திறந்தது அந்த மேட்டின் மேல்தான்.